எவர்சில்வர் பால் பாத்திரங்களைத் தூய்மை செய்தலும் பேணுதலும்

மாடு நோயற்றது. தீவனத்தில் குறையில்லை. கறந்தவர் கையும் மடியும் கழுவப்பட்டவை. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கப்படவில்லை. ஆயினும் காலையில் கறந்த பால் சங்கத்தில் கொதிக்கவைத்துப் பார்க்கும்போது திரிந்துவிடுகிறது. "பால் புளித்திருக்கிறது" என்று சொல்லித் திருப்பிவிடுகிறார்கள். தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி வீடு திரும்பும் உழவர் மாட்டின் மேல் ஐயப்படுகிறார். தீவனத்தின் மேல் ஐயப்படுகிறார். சோதனை செய்தவர் மேலும் வருத்தப்படுகிறார். கையில் இருக்கும் தூக்குவாளியின் மேல் மட்டும் அவருக்கு ஐயம் வருவதில்லை. ஏனெனில் அது எவர்சில்வர், பளபளவென்று மின்னுகிறது.

பளபளப்பு வேறு, தூய்மை வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பாத்திரத்தின் வெளிப்புறம் கண்ணாடிபோல் இருக்கலாம். ஆனால் வாயின் மடிப்பிலும், கைப்பிடி பொருத்திய இடத்திலும், மூடியின் ரப்பர் வளையத்திற்கு அடியிலும் நேற்றைய பால் ஒட்டியிருந்தால் இன்றைய பால் கெட்டுவிடும். தகுந்த வெப்பநிலையில் பாலிலுள்ள நுண்ணுயிர்களுள் பல ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும் ஆற்றல் உடையவை. இந்த வேகத்தில் ஒரு நுண்ணுயிர் 1 மணி நேரத்தில் 8 ஆகும். 4 மணி நேரத்தில் 4,000-க்கு மேல் ஆகிவிடும். மேலும், உங்கள் பால் 40 லிட்டர் கேனில் அண்டை வீட்டார் பாலுடன் சேர்கிறது. ஒருவர் தூக்குவாளியின் அழுக்கு பலருடைய உழைப்பைக் கெடுக்கக்கூடும். ஆகவே பாத்திரத்தைப் பேணுவது தனி ஒருவரின் நன்மைக்கு மட்டுமன்று.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை?

நாம் எவர்சில்வர் என்று சொல்வது வெள்ளி அன்று. அது ஒருவகை எஃகு. இரும்புடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்தால் இந்த எஃகு கிடைக்கிறது. இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ஆம் ஆண்டில் இத்தகைய எஃகை உருவாக்கினார். நம் மாநிலத்தில் சேலம் உருக்காலை 1981-82 முதல் எவர்சில்வர் தகடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது.

இந்த எஃகிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள இப்படலம் கண்ணுக்குத் தெரியாது. இதுவே பாத்திரத்திற்குக் கவசம். லேசான கீறல் விழுந்தாலும், அந்த இடம் சுத்தமாக இருந்து காற்றும் பட்டால், படலம் தானாகவே மீண்டும் உண்டாகிவிடும். அழுக்கு, உப்பு, பால்கல் ஆகியவை மேலே படிந்து காற்றை மறைத்துவிட்டால் கவசம் புதுப்பிக்கப்படாமல் அந்த இடத்தில் துரு தொடங்கும். எனவே எவர்சில்வரைப் பொறுத்தவரை சுத்தம் செய்வதே பாதுகாப்பும் ஆகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

எல்லா எவர்சில்வரும் ஒரே தரமுடையவை அல்ல. பால் பாத்திரங்களுக்கு ஏற்றது 304 எனப்படும் தரம். இதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316 என்னும் தரத்தில் மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால் அது உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். 200 வரிசைத் தரங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். இவை விலை மலிவு. ஆனால் எளிதில் துருப்பிடிக்கும்.

காந்தத்தை ஒட்டிப் பார்த்து வாங்குவது பலரின் வழக்கம். நிக்கல் இல்லாத 430 போன்ற தரங்களில் காந்தம் நன்றாக ஒட்டும் என்பது உண்மையே. ஆனால் மலிவான 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பி அதிக விலை கொடுத்துவிடாதீர்கள். தரத்தின் எண் பாத்திரத்தில் பொறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்து, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

பாத்திரத்தின் வாய் அகலமாக, கை உள்ளே சென்று தேய்க்கும்படி இருக்க வேண்டும். உட்புற மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைவாக இருத்தல் நலம். பற்றவைத்த இடங்கள் மேடுபள்ளமின்றி வழவழப்பாக இருக்க வேண்டும். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் இடத்தில் பாலும் மாட்டும்.

எவர்சில்வரின் பகைவர்கள்

1. உப்பும் குளோரைடும்: இதுவே முதற்பகை. உப்பிலுள்ள குளோரைடு கவசப் படலத்தைத் துளைத்து ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். உவர் நீரில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டாலும் இந்தக் கேடு நேரும். நீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பெல்லாம் கடைசிச் சொட்டில் சேர்ந்துவிடுவதே இதற்குக் காரணம்.

2. பிளீச்சிங் பவுடர்: கிருமியைக் கொல்ல இது நல்ல மருந்து. ஆனால் அளவு மிஞ்சினாலோ, இரவு முழுவதும் ஊறவிட்டாலோ பாத்திரத்தை அரித்துவிடும்.

3. இரும்பு நார்: இதனால் தேய்க்கும்போது இரும்புத் துணுக்குகள் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு துருப்பிடிக்கின்றன. பாத்திரமே துருப்பிடித்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

4. மணல், செங்கல் பொடி: இவை கீறல் உண்டாக்கும். கீறலில் ஒளிந்துகொள்ளும் நுண்ணுயிர்களைத் தூரிகையால் எட்ட முடியாது. சலிக்காத சாம்பலிலும் மணல் இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

5. பொட்டாஷ் உரம்: மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பின் உறவு. உரமூட்டை வைத்த அறையில் பால் பாத்திரத்தை வைக்கலாகாது. பால் பாத்திரத்தால் உரத்தை அள்ளுவதோ, பூச்சிமருந்தைக் கலக்குவதோ எக்காரணம் கொண்டும் கூடாது. மருந்து கலந்த பாத்திரம் எவ்வளவு கழுவினாலும் மீண்டும் பாலுக்கு ஆகாது.

அன்றாடம் சுத்தம் செய்யும் முறை

காலை, மாலை இருவேளையும், பாலை ஊற்றி முடித்த உடனேயே கீழ்க்கண்ட 5 படிகளையும் வரிசையாகச் செய்ய வேண்டும். வரிசை மாறினால் வேலை கெடும்.

முதற்படி, அலசுதல்: வெதுவெதுப்பான நீரால், அதாவது 35 முதல் 40 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள நீரால் நன்கு அலசுங்கள். குளிர்ந்த நீரில் பாலின் கொழுப்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினாலோ பாலின் புரதம் வெந்து பாத்திரத்தில் பிடித்துவிடும். ஆதலால் கை பொறுக்கும் இளஞ்சூடே ஏற்றது. சங்கத்தில் வெந்நீர் கிடைக்காவிட்டால் அங்கேயே சாதாரண நீரிலாவது அலசிவிடுங்கள். பால் காய்ந்துபோன பாத்திரத்தைத் தேய்ப்பதைவிட இது எளிது.

இரண்டாம் படி, தேய்த்தல்: 10 லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்துக்கொள்ளுங்கள். நீரின் சூடு 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் இருக்கலாம். நைலான் தூரிகையால் உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். கையைச் சூட்டிலிருந்தும் சோடாவிலிருந்தும் காக்க நீண்ட பிடியுள்ள தூரிகையும் ரப்பர் உறையும் உதவும். எவர்சில்வரில் மெல்லிய கோடுகள் ஒரே போக்கில் ஓடுவதைக் காணலாம். அந்தப் போக்கிலேயே தேய்த்தால் புதிய கீறல் விழாது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே தேய்க்க வேண்டும். வடிகட்டித் துணியையும் இந்நீரிலேயே துவைக்கலாம்.

மூன்றாம் படி, மீண்டும் அலசுதல்: சோடாவின் வழவழப்பு கையில் தட்டுப்படாத வரை நல்ல நீரால் அலசுங்கள்.

நான்காம் படி, கிருமி நீக்கம்: கொதிக்கும் நீரைப் பாத்திரத்தின் உட்புறம் முழுவதும் படும்படி சுற்றி ஊற்றுங்கள். தூக்கு, குவளை, வடிகட்டி போன்ற சிறியவற்றைக் கொதிநீரில் 5 நிமிடம் மூழ்க வைக்கலாம். சூடான பாத்திரத்தைத் துணி கொண்டு பிடியுங்கள்; குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கொதிநீர் ஊற்றிய கேனின் மூடியை இறுக்கி மூடுதல் ஆபத்து.

ஐந்தாம் படி, உலர்த்துதல்: தரையில் கவிழ்க்காமல், மரச்சட்டம் அல்லது எவர்சில்வர் தாங்கியின் மேல், அடியில் காற்றுப் புகும்படி தலைகீழாக வையுங்கள். துருப்பிடித்த இரும்புத் தாங்கியில் வைத்தால் துரு பாத்திரத்திற்கும் ஏறும். வெயில் படும் தூய இடம் சிறந்தது. மாட்டுத் தொழுவத்தின் தூசியும் ஈயும் எட்டாத இடமாகவும் இருக்கட்டும். உவர் நீர் பயன்படுத்தும் ஊர்களில் வெளிப்புறத்தைத் தூய உலர்ந்த துணியால் துடைத்துவிடுவது அவசியம். ஈரத்தோடு மூடி வைத்த பாத்திரம் நுண்ணுயிர்களுக்கு வளர்ப்புப் பண்ணையாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. உங்களுடைய கேன் அலுமினியமாக இருந்தால் சலவைச் சோடாவோ காஸ்டிக் சோடாவோ பயன்படுத்தாதீர்கள். அவை அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினியத்துக்கு உகந்தது என்று குறிக்கப்பட்ட மென்மையான சோப்புத்தூளையே பயன்படுத்த வேண்டும்.

சோடா கலந்த கழுவுநீரை ஒரே இடத்தில் நாள்தோறும் தோட்டத்தில் ஊற்றுவதும் தவறு. சோடியம் சேர்ந்து அந்த மண் களராக மாறக்கூடும்.

கொதிநீர் இல்லாதபோது

விறகு, எரிவாயு தட்டுப்பாட்டால் கொதிநீர் வைக்க இயலாவிட்டால் குளோரின் கரைசலைப் பயன்படுத்தலாம். 10 லிட்டர் நீருக்கு 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 7 கிராம் போதும். 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமாயின் 50 மில்லி லிட்டர் சேர்க்க வேண்டும். பவுடரை முதலில் சிறிது நீரில் குழைத்துக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்கு தேய்த்துக் கழுவிய பாத்திரத்தில்தான் இக்கரைசல் வேலை செய்யும். அழுக்கு இருந்தால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். 2 நிமிடம் பட்டால் போதும். பிறகு கொதித்து ஆறிய நீரால் அலசி உலர்த்துங்கள்.

பிளீச்சிங் பவுடருடன் எந்த அமிலத்தையும் கலக்காதீர்கள். எலுமிச்சை உப்பு, வினிகர், கழிவறை கழுவும் அமிலம் எதுவாயினும் சரி, கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே கேடு விளைவிக்கும்.

வாரம் ஒருமுறை பால்கல் நீக்குதல்

நாள்தோறும் கழுவினாலும் சில வாரங்களில் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு படிவம் தெரியும். கடினநீர் பயன்படுத்தும் கிராமங்களில் இது விரைவில் தோன்றும். பாலிலும் நீரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தும் பாலின் புரதமும் சேர்ந்து இறுகிய இப்படிவமே பால்கல் ஆகும். சலவைச் சோடாவுக்கு இது கரையாது, அமிலத்திற்கே கரையும்.

1 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 10 கிராம் எலுமிச்சை உப்பு வீதம் கரைத்துப் பாத்திரத்தின் உட்புறம் முழுவதும் நனையும்படி செய்து, 15 முதல் 30 நிமிடம் ஊறவிட்டுத் தூரிகையால் தேய்த்தால் படிவம் கரைந்து போகும். பிறகு இரண்டு மூன்று முறை நீரால் அலசுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை மட்டும் பயன்படுத்தவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பால்கல்லைக் கரைப்பதோடு எவர்சில்வரையும் அரித்துவிடும். கத்தியால் சுரண்டுவதும் கூடாது.

கோவா, பன்னீர், ஊறுகாய் செய்வோருக்கு

மகளிர் குழுக்களிலும் வீடுகளிலும் பாலைக் கோவாவாகவும் பன்னீராகவும் மாற்றி விற்போர் பலர் உள்ளனர். அவர்களுடைய எவர்சில்வர் வாணலியில் அடிப்பிடித்துவிட்டால் உடனே இரும்புக் கரண்டியால் சுரண்டுகிறார்கள். அவ்வாறு செய்யாமல், வாணலி சற்று ஆறிய பின், நீர் ஊற்றி, லிட்டருக்கு 10 கிராம் வீதம் ஆப்ப சோடா போட்டு 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் மரத்துடுப்பால் தள்ளினால் அடிப்பற்று பெயர்ந்து வரும். தணல்போல் காய்ந்திருக்கும் வாணலியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் தகடு கோணிப்போகும்.

அதிகச் சூட்டில் வானவில் போன்ற நீலமும் மஞ்சளும் தோன்றினால் அஞ்ச வேண்டாம். மேற்பரப்பின் படலம் சூட்டால் தடித்ததால் உண்டான நிறமே அது. எலுமிச்சை உப்புக் கரைசலால் துடைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

உப்பு சேர்க்க வேண்டிய பண்டமானால் நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு உப்பைப் போட்டுக் கிளறுங்கள். குளிர்ந்த நீரில் போட்ட உப்பு அடியில் தங்கிக் குழி விழச் செய்யும். ஊறுகாயையும் உப்புக் கரைசலையும் எவர்சில்வரில் நாள்கணக்கில் வைக்காமல் கண்ணாடியிலோ பீங்கான் சாடியிலோ வைப்பதே முறை.

குறையும் தீர்வும்

பழுப்புப் புள்ளிகள் தோன்றினால்: முதலில் எலுமிச்சை உப்புக் கரைசலால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் அது வெளியிலிருந்து ஒட்டிய இரும்புத் துருவே. துரு போன பின் ஊசிக்குழி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. குழி விழுந்த பாத்திரத்தைப் பாலுக்குப் பயன்படுத்தாமல் வேறு வேலைக்கு ஒதுக்குங்கள்.

தொட்டால் பிசுபிசுத்தால்: கொழுப்பு போகவில்லை. நீரின் சூடோ சோடாவின் அளவோ குறைந்திருக்கிறது.

கழுவிய பின்பும் புளித்த நாற்றம் வீசினால்: ரப்பர் வளையத்தையும் கைப்பிடி இடுக்கையும் பாருங்கள். வெடித்த, ஊறிப் பருத்த ரப்பரைக் கழுவிப் பயனில்லை; மாற்றிவிட வேண்டும்.

ஓட்டை விழுந்தால்: ஈயப் பற்று வைக்கலாகாது. ஈயம் நஞ்சு. எவர்சில்வரை ஆர்கான் வாயுவைக் கொண்டு பற்றவைக்கும் பட்டறையில் கொடுத்து, பற்றவைத்த இடத்தை உட்புறம் வழவழப்பாகத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். நசுங்கி மடிந்த கேனையும் அவ்வாறே சரிசெய்ய வேண்டும்.

சுத்தமா என்று நீங்களே சோதிக்கலாம்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கழுவிய பாத்திரத்தில் நல்ல நீரை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். நீர் ஒரே படலமாக வழிந்தால் பாத்திரம் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர்போல் முத்துமுத்தாக நின்றால் கொழுப்பு இன்னும் இருக்கிறது. காய்ந்த பின் வெண்படலம் தெரிந்தால் பால்கல் தொடங்கியிருக்கிறது. மூடியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். சுத்தமான பாத்திரத்திற்கு எந்த மணமும் இருக்காது. இந்த மூன்று சோதனைகளுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

முடிவாக

ஒரு தூரிகை, சிறிது சலவைச் சோடா, வாரம் ஒருமுறை எலுமிச்சை உப்பு, வேளைக்குப் பதினைந்து நிமிட உழைப்பு ஆகியவையே இதற்கு ஆகும் செலவு. திருப்பி அனுப்பப்பட்ட ஒரு வேளைப் பாலின் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பாலுக்காக நீங்கள் வாங்கிய பிண்ணாக்கும், அறுத்து வந்த பசும்புல்லும், விடியுமுன் எழுந்த உழைப்பும் அதனுடன் வீணாவதையும் எண்ணிப் பாருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் பாத்திரம் கழுவும் பொறுப்பு பெண்கள் தலையிலேயே விழுகிறது. சோடாவின் அளவும் நீரின் சூடும் ஏன் முக்கியம் என்பதை வீட்டில் அனைவரும் அறிந்து, வேலையையும் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். இக்கட்டுரையை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அளவுகளை ஒரு அட்டையில் எழுதிக் கழுவும் இடத்திற்கருகில் மாட்டி வையுங்கள். நன்கு பேணினால் ஓர் எவர்சில்வர் கேன் பல்லாண்டுகள் உழைக்கும். அதில் செல்லும் பாலும் கெடாமல் சங்கம் சென்று சேரும்.